வேலியில் களா வைப்போம்

'கிடைக்கப்போகும் பலாக்காயைவிடக் கையில் இருக்கும் களாக்காய் மேல்' என்று ஒரு பழமொழி உண்டு. அந்தப் பழமொழி பிறந்த காலத்தில் களாக்காய் என்றால் யார் கைக்கும் எட்டுகிற பொருள். ஆடு மேய்க்கப் போன பிள்ளை மடி நிறையப் பறித்துக்கொண்டு வரும். இன்றைக்குப் பலாப்பழம் எல்லா ஊர்ச் சந்தையிலும் கிடைக்கிறது. களாக்காயைத்தான் தேடவேண்டி இருக்கிறது. கரடும் புறம்போக்கும் சுருங்கிப்போனதில் களாப் புதரும் சேர்ந்தே போய்விட்டது. மிச்சம் இருந்த இடத்தைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொண்டது.

அந்தக் களாவை நம் காட்டு ஓரத்துக்குக் கூட்டி வரலாம், அதுவும் வேலியாகவே கூட்டி வரலாம் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன். நான் மானாவாரி உழவன். திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர்ப் பக்கம் செம்மண் சரளையில் மூன்று ஏக்கர். தெற்கும் மேற்கும் களா வேலி வைத்து ஏழு வருடம் ஆகிறது. அதில் பார்த்ததையும் பழகியதையும் வைத்து எழுதுகிறேன்.

இயற்கை வேளாண்மைக்கு வருகிற புதியவர்கள் முதலில் கேட்பது விதை பற்றி, உரக்கரைசல் பற்றி. வேலி பற்றிக் கேட்பவர் குறைவு. ஆனால் நிலம் வாங்கியதும் முதல் செலவு எது என்று பார்த்தால் கல்தூணும் கம்பியும்தான். ஒரு ஏக்கரைச் சுற்றிக் கம்பி போடுகிற காசில் ஒரு நல்ல கறவை மாடே பிடித்துவிடலாம். கம்பி பத்துப் பதினைந்து வருடத்தில் துருப்பிடிக்கும். அது பூக்காது, காய்க்காது, ஒரு குருவிக்கும் கூடு கொடுக்காது. களா வேலிக்கு ஆகிற செலவு பெரும்பாலும் நம் உடம்பு உழைப்புதான். ஆனால் மூன்று வருடம் பொறுக்க வேண்டும். அந்த மூன்று வருடத்தை எப்படிக் கடத்துவது என்பதுதான் இதில் பாடமே.

எந்தக் களா?

நம் பக்கம் இரண்டு களா உண்டு. ஒன்று சிறுகளா. கரட்டிலும் குத்துக்காட்டிலும் தானே முளைத்துக் கிடப்பது. இலை சிறியது, காய் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், பழுத்தால் கறுத்து இனிக்கும். தாவரவியலில் இதன் பெயர் கரிசா ஸ்பைனாரம். இன்னொன்று பெருங்களா. கரிசா கரண்டாஸ். இலை அகலம், தோல் மாதிரித் தடிப்பு. காய் சின்ன நெல்லிக்காய் அளவுக்கு வரும். சந்தையில் ஊறுகாய்க்கு வருவது இதுதான்.

இரண்டுமே அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். இலைகள் எதிரெதிராக இருக்கும். முள் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் நீளத்துக்கு வலுவாக நிற்கும். சில முள் நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும். பூ வெள்ளை, ஐந்து இதழ், நட்சத்திரம் போல. மொட்டில் லேசாக இளஞ்சிவப்பு ஓடும். மணம் மல்லிகையை ஒட்டி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பால் வருகிற செடியெல்லாம் களா இல்லை. அரளிக் குடும்பத்தில் நஞ்சுள்ள செடிகள் நிறைய. அதனால் காயைப் பறித்து வாயில் போடுவதற்கு முன்னால், செடி தெரிந்த ஒரு பெரியவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் முள், எதிரிலை, ஐந்திதழ்ப் பூ மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்.

வேலிக்கு இரண்டுமே ஆகும். காயும் வேண்டும் என்றால் பெருங்களா. வேளாண் பல்கலைக்கழகங்கள் தெரிவு செய்து வெளியிட்ட ரகங்களும் இருக்கின்றன: பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா, கொங்கண் போல்ட். வேலிக்கு இவற்றைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கமே காய்த்து நிற்கிற நல்ல செடியின் விதை, உங்கள் மண்ணையும் வெயிலையும் ஏற்கெனவே பார்த்த விதை. அதுவே போதும்.

என்ன மண்ணுக்கு வரும்?

சரளை, செம்மண், கல்லாங்காடு, கொஞ்சம் உவர் தட்டின மண் எல்லாவற்றிலும் வரும். வேர் பிடித்துவிட்டால் வானம் பார்த்த பூமியிலும் பசுமை மாறாது. சித்திரை வெயிலில் பக்கத்துச் செடியெல்லாம் இலை உதிர்த்து நிற்கும்போது களா பச்சையாக நிற்பதைப் பார்க்கலாம். தாங்காதது ஒன்றே ஒன்று: வேரில் தண்ணீர் தேங்குவது. களிமண்ணில் மழை பெய்து ஒரு வாரம் தண்ணீர் நிற்கிற இடமாக இருந்தால், கரையை உயர்த்தி அதன் மேல் வையுங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு நொச்சி வையுங்கள்.

பூவும் பூச்சியும்

எங்கள் பக்கம் தை பிற்பாதியில் மொட்டு வைக்கும். மாசி, பங்குனியில் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும். கோடை மழை ஒன்று விழுந்தால் மறுபடியும் ஒரு சுற்றுப் பூக்கும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மணம் கிளம்பும். காற்று மேற்கே இருந்து வந்தால் கிணற்று மேடு வரைக்கும் மணக்கும்.

இந்த மாதங்களைக் கவனியுங்கள். மானாவாரிக் காட்டில் அறுவடை முடிந்து வெறும் மண் கிடக்கிற நேரம் அது. தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் தீனி இல்லாத நேரம். அப்போது வேலியில் பூ இருந்தால் பூச்சிகள் நம் காட்டை விட்டுப் போகாது. ஆடியில் நாம் விதைத்து, அவரையும் எள்ளும் பூக்கிற நேரத்தில் மகரந்தச் சேர்க்கைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. பூவின் குழல் ஒடுங்கி நீளமாக இருப்பதால் நீண்ட நாக்குள்ள அந்திப்பூச்சிகளும் வரும். விளக்கு இல்லாமல் ஒரு அரைமணி நேரம் வேலியோரம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

அடர்ந்த முள்ளுக்குள் சிட்டு, தையல்சிட்டு, கொண்டைக்குருவி எல்லாம் கூடு கட்டும். பூனையும் காக்கையும் உள்ளே போக முடியாது. குஞ்சு பொரித்த குருவி ஒரு நாளைக்கு எத்தனை புழு பிடித்துக்கொண்டு போகிறது என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு, வேலி எப்படிப் பூச்சி மேலாண்மை ஆகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விதையும் நாற்றும்

களா விதைக்கு ஒரு குணம் உண்டு. அது காத்திருக்காது. நெல், சோளம் மாதிரிக் கோட்டை கட்டி வைத்து அடுத்த வருடம் விதைக்கலாம் என்று நினைக்காதீர்கள். நாளாக நாளாக முளைப்புத் திறன் வேகமாகக் குறைந்துவிடும். பழம் எடுத்த அந்த வாரத்திலேயே விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும். கடையில் பாக்கெட்டில் விற்கிற களா விதையை வாங்கி முளைக்கவில்லை என்று வருந்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனி கடைசியிலிருந்து ஆவணி வரை பழம் கிடைக்கும். நன்றாகக் கறுத்து, தொட்டால் கையோடு வருகிற பழமாகப் பாருங்கள். சிவந்த காயில் விதை முற்றி இருக்காது. ஒரே செடியில் மொத்தமும் எடுக்காமல் நாலைந்து செடிகளில் எடுங்கள். காப்புக்காட்டுக்குள் போய்ச் செடியைப் பிடுங்குவதோ பழத்தை மொத்தமாக உருவுவதோ வேண்டாம். சட்டப்படியும் தப்பு, அந்தப் பழத்தை நம்பி இருக்கிற பறவைகளுக்கும் நரிக்கும் செய்கிற கேடு.

பழத்தைத் தண்ணீரில் பிசைந்து சதையை நீக்குங்கள். ஒரு பழத்தில் நாலைந்து தட்டையான விதை இருக்கும். சாம்பலில் புரட்டி நிழலில் ஒரு நாள் உலர்த்துங்கள். வெயில் வேண்டாம்.

நாற்றுப்பைக்கு மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. பிளாஸ்டிக் பை வேண்டாம் என்பவர்கள் ஓட்டை போட்ட தேங்காய்ச் சிரட்டையில் முளைக்க வைத்து, பிறகு பனை ஓலைக் கொட்டானுக்கு மாற்றலாம். அரை அங்குல ஆழத்தில் இரண்டு விதை. மேலே வைக்கோல் மூடாக்கு. ஈரம் காயாமல் பூவாளியால் தெளித்து வந்தால் இரண்டு வாரத்திலிருந்து நாலு வாரத்துக்குள் முளைத்துவிடும். முளைத்ததும் மூடாக்கை விலக்கி, பாதி நிழலில் வையுங்கள். இரண்டு விதையும் முளைத்திருந்தால் நான்கு இலைப் பருவத்தில் ஒன்றை எடுத்து வேறு பையில் நடுங்கள்.

முதல் ஆறு மாதம் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். 'என்னடா இது, விரல் நீளத்துலயே நிக்குது' என்று தோன்றும். மேலே நிற்கும்போது கீழே வேர் போய்க்கொண்டிருக்கும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு லிட்டர் அமுதக்கரைசல் கலந்து ஊற்றுங்கள். அடுத்த ஆடி, ஆவணியில் ஒரு அடி உயரத்துக்கு வந்திருக்கும். அதுதான் நடவுக்கு ஏற்ற நாற்று.

குச்சி நட்டால் வருமா என்று கேட்பார்கள். கிளுவை, பூவரசு மாதிரிக் களாக் குச்சி சுலபமாக வேர் விடாது. ஒரு குறிப்பிட்ட செடி நல்ல காய் தருகிறது, அதே குணம் வேண்டும் என்றால் மழைக்காலத்தில் பதியம் போடலாம். வேலிக்கு விதை நாற்றே நல்லது. ஆணிவேர் நேராக இறங்கும்.

எத்தனை நாற்று வேண்டும்?

கணக்கு எளிது. சதுரமாக இருக்கிற ஒரு ஏக்கரின் ஒரு பக்கம் ஏறக்குறைய 209 அடி. சுற்றளவு 836 அடி. இரண்டு வரிசையாக, வரிசைக்குள் செடிக்குச் செடி 3 அடி விட்டு, முக்கோண நடவாக வைத்தால் 550 நாற்று ஆகும். ஒற்றை வரிசையில் 2 அடிக்கு ஒன்று என்றால் 415 போதும். ஆடு மாடு நடமாட்டம் அதிகமுள்ள பக்கம் இரண்டு வரிசை, மற்றப் பக்கம் ஒற்றை வரிசை என்றும் வைக்கலாம். நிலம் நீளவாக்கில் இருந்தால் சுற்றளவு கூடும். கயிறு பிடித்து அளந்துவிடுங்கள்.

எதுவானாலும் நூறு நாற்றுக் கூடுதலாகப் போடுங்கள். எங்கள் காட்டில் முதல் கோடையில் நூற்றுக்குப் பதினைந்து செடி காய்ந்தது. அந்த இடைவெளியை அடுத்த மழையிலேயே நிரப்பிவிட்டால் வேலி ஒன்றாக வளரும். இரண்டு வருடம் கழித்து நிரப்பினால் பெரிய செடியின் நிழலில் சின்னது எழும்பாது. வேலியில் ஓட்டை அப்படியே நின்றுவிடும்.

ஒரு கிலோ பெருங்களாப் பழத்தில் ஆயிரம் விதைக்குக் குறையாமல் கிடைக்கும். ஆக, ஒரு ஏக்கர் வேலிக்கு ஒன்றரைக் கிலோ பழம் இருந்தால் தாராளம். விதைச் செலவு அவ்வளவுதான்.

நடவு

முதலில் எல்லையை அளந்து கல் தெரிகிறதா பாருங்கள். கல்லிலிருந்து உங்கள் பக்கமாக 4 அடி தள்ளித்தான் செடி வரவேண்டும். களா இரண்டு பக்கமும் 3 அடி பரவும். எல்லையிலேயே வைத்தால் பாதிச் செடி அடுத்தவர் காட்டில் நிற்கும்.

எல்லைக்கும் செடிக்கும் நடுவில் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். வெட்டின மண்ணை உட்பக்கம் போட்டுக் கரையாக்குங்கள். அந்தக் கரையின் உட்சரிவில் செடி. இதில் மூன்று வேலை நடக்கிறது. மழைத்தண்ணீர் வாய்க்காலில் நின்று ஊறி வேருக்குப் போகும். மாடு சட்டென்று தாண்டாது. செடிக்கு நெகிழ்ந்த மண் கிடைக்கும். சரிவான நிலமாக இருந்தால் முப்பது அடிக்கு ஒரு குறுக்குத் தடுப்பு விடுங்கள், இல்லையென்றால் வாய்க்கால் ஓடையாகிவிடும்.

ஒரு அடிக் குழி. அடியில் இரண்டு கை மக்கிய தொழுவுரம், ஒரு கை வேப்பம் பிண்ணாக்கு. நாற்றை 3 சதப் பஞ்சகவ்யாக் கரைசலில், அதாவது பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்ற கணக்கில், பையோடு நனைத்து எடுத்து, பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் வையுங்கள். புரட்டாசிக் கடைசி, ஐப்பசி முதல் வாரம் நட்டால் வடகிழக்குப் பருவமழை முழுவதும் கிடைக்கும். தென்மேற்குப் பருவமழை நன்றாகக் கிடைக்கிற பகுதியில் ஆனி, ஆடியிலேயே நடலாம்.

முதல் இரண்டு கோடை

முள்செடிதானே, ஆடு தொடாது என்று விட்டுவிடக் கூடாது. பெரிய களாவை ஆடு ஒதுக்கிவிட்டுப் போகும். ஆனால் இளஞ்செடியின் கொழுந்தில் முள் இன்னும் கெட்டிப்படவில்லை. ஆடு சுவை பார்க்கத்தான் செய்யும். அதனால் முதல் இரண்டு வருடம் வெளிப்பக்கம் காய்ந்த முள் அடைக்க வேண்டும். இலந்தை முள், வேலாமுள் எது கிடைத்தாலும் சரி. எங்கள் ஊரில் சீமைக்கருவேலுக்குப் பஞ்சமில்லை. அதை வெட்டித்தான் அடைத்தேன். நெற்று இருக்கிற கிளையை மட்டும் கொண்டுவராதீர்கள். அதன் இன்னொரு பெயரே வேலிக்காத்தான். வேலி காக்க வந்ததுதான் ஊரையே பிடித்துக்கொண்டது.

நட்டதிலிருந்து இரண்டு கோடைக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் இரண்டு செடிக்கு. குடம் தூக்க ஆள் இல்லாதவர்கள் பழைய மண்கலயத்தில் துளை போட்டுத் திரி வைத்துச் செடியோரம் புதைக்கலாம். வேரடியில் சோளத்தட்டை, கடலைக்கொடி எது கிடைத்தாலும் நான்கு விரல் கனத்துக்கு மூடாக்கு போடுங்கள். தண்டை ஒட்டிப் போட வேண்டாம், கரையான் ஏறும்.

பூச்சித் தொல்லை பெரிதாக இல்லை. அரளிச் செடியில் வருகிற பெரிய பச்சைப் புழு, வாலில் சின்னக் கொம்பு மாதிரி இருக்குமே, அது சில நேரம் களாவிலும் வரும். கையால் எடுத்து அப்புறப்படுத்தினால் போதும். அதுவும் ஓர் அந்திப்பூச்சியின் பிள்ளைதான், மருந்து அடிக்க வேண்டாம்.

கவாத்து

வேலி அடியில் அடர்த்தியாக இருக்க வேண்டும். ஆடு நுழைவது அடியில்தான், உச்சியில் இல்லை. களாவைத் தன் போக்கில் விட்டால் மேலே குடையாக விரிந்து அடியில் வெளிச்சம் தெரியும். அதைத் தடுக்கத்தான் கவாத்து.

நட்டுப் பிடித்ததும் ஒரு அடியில் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை நாலு வரும். இரண்டாம் வருடம் இரண்டு அடியில் வெட்டுங்கள். மூன்றாம் வருடம் நான்கு அடியில். வெளியே நீட்டுகிற கிளையை வெட்டாமல் கவைக்கம்பால் வளைத்துப் பக்கத்துச் செடிக்குள் செருகிவிடுங்கள். அது அங்கேயே பின்னிக்கொள்ளும். நான்காம் வருடம் முதல் ஐந்து அடி உயரத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

எப்போது வெட்டுவது என்பது முக்கியம். களா கிளை நுனியில்தான் பூக்கும். மார்கழியில் வேலி ஒழுங்காக இல்லையே என்று வெட்டிவிட்டால் அந்த வருடப் பூவும் காயும் போச்சு. பழம் எடுத்து முடிந்ததும், புரட்டாசியில் வெட்டுங்கள். மழையில் துளிர்த்து, தையில் அந்தத் துளிரில் பூ வரும்.

வெட்டும்போது கையில் சாக்கு சுற்றிக்கொள்ளுங்கள், காலில் கெட்டிச் செருப்பு. முள் ஏறினால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், விட்டால் சீழ் வைக்கும். வெட்டின கிளையைப் பாதையில் போடாதீர்கள். சைக்கிள் டயர் என்ன, டிராக்டர் டயரையே பஞ்சராக்கும். அதையும் வேலியின் அடியில் சந்து தெரிகிற இடத்தில் செருகிவிட்டால் வேலை முடிந்தது.

களாவோடு யார் யார்?

ஒரே செடியில் வேலி முழுக்க வைப்பதை நான் விரும்புவதில்லை. ஒரு நோய் வந்தால் மொத்தமும் போகும். கொங்குப் பகுதிக் கொறங்காடுகளில் முள்கிளுவை வேலி தலைமுறை தலைமுறையாக நிற்கிறதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கம் இருப்பவர்கள் கிளுவையை விடாதீர்கள்; இடையிடையே களாவைச் சேருங்கள். மற்ற இடங்களில் களாவுக்கு உட்பக்கமாக இருபது அடிக்கு ஒரு நொச்சி, ஆடாதொடை வைக்கலாம். இரண்டும் ஆடு தொடாத இலை, பூச்சிவிரட்டிக் கரைசலுக்கும் ஆகும். மேலே பிரண்டை, முசுமுசுக்கை, சங்குப்பூ ஏற விடலாம். கோவைக்கொடி மட்டும் அளவோடு இருக்கட்டும், களாவையே மூடிவிடும்.

எல்லாவற்றையும் களா தடுக்கும் என்று சொல்ல மாட்டேன். மயிலுக்கும் குரங்குக்கும் எந்த வேலியும் கணக்கில்லை. காட்டுப்பன்றி இளம் வேலியை முட்டிக்கொண்டு வந்துவிடும்; அடி அடர்ந்து, வாய்க்காலும் தூர்ந்துபோகாமல் இருந்தால் தயங்கும். அதற்காகக் கம்பியில் நேரடி மின்சாரம் விடுகிற வேலையை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அது குற்றம். பன்றிக்கு வைத்த மின்வேலியில் மனிதர்களும் யானைகளும் செத்த செய்தி வராத வருடம் இல்லை.

பக்கத்துக் காட்டுக்காரரிடம் பேசுங்கள்

வேலி என்பது மண்ணில் வைக்கிற செடி மட்டும் இல்லை. அடுத்தவரின் வழக்கத்தை மாற்றுகிற வேலை. எங்கள் மேற்கு எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு மாமா இருபது உருப்படி வெள்ளாடு வைத்திருக்கிறார். வாய்க்கால் வெட்டுகிற அன்றைக்கு வந்து நின்றார்.

"என்ன மாப்ளே, கம்பி போட்டா ஒரு வாரத்துல முடிஞ்சிரும். முள்ளுச் செடிய வச்சுக்கிட்டு மூணு வருசம் காத்துக் கெடக்கப் போறியா?"

"மூணு வருசம் சும்மாவா இருக்கப் போறோம் மாமா, வெள்ளாமை வைக்கத்தானே போறோம்."

"அதெல்லாஞ் சரி. என் ஆடு எந்த வழியாப் போகும்?"

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. முப்பது வருடமாக அந்த ஆடுகள் எங்கள் காட்டு ஓரமாகத்தான் குளத்துக்குத் தண்ணீருக்குப் போகின்றன. வழியை அடைத்தால் அவர் ஆட்டை விற்க வேண்டும், அல்லது என் வேலியை உடைக்க வேண்டும். அதனால் மேற்கு ஓரம் எட்டு அடி வழி விட்டு, அதற்கு உள்ளே வேலியைத் தள்ளி வைத்தோம். சில சென்ட் நிலம் போனது. பதிலுக்கு அறுவடை முடிந்ததும் படலைத் திறந்து விடுகிறேன். பத்து ராத்திரி கிடை போடுகிறார். புழுக்கையும் மூத்திரமும் காட்டுக்கு, தட்டையும் சருகும் ஆட்டுக்கு. முதல் இரண்டு வருடம் ஆடு கொழுந்தைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான். உயிர்வேலி வைக்கிற எல்லோருக்கும் நான் சொல்வது: கடப்பாரையை எடுப்பதற்கு முன்னால் அடுத்த காட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

வீட்டுத் தோட்டத்தில்

காடு இல்லாதவர்களும் களா வைக்கலாம். சுற்றுச்சுவர் ஓரத்தில் ஒரு செடி போதும். நல்ல வெயில் படுகிற மூலையாகப் பாருங்கள். நிழலில் இலை வரும், பூ குறையும். ஆள் நடக்கிற பாதைக்கும் பிள்ளைகள் விளையாடுகிற இடத்துக்கும் 4 அடி தள்ளி வையுங்கள். அடிக்கிளையை நீக்கி ஒரே தண்டாக விட்டால் சின்ன மரம் போல நிற்கும். சாயங்காலம் நீங்கள் உட்காரும் திண்ணைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து அந்தப் பக்கம் வைத்தால் மாசி, பங்குனியில் ஊதுபத்தி வேண்டாம். மாடியில் பெரிய தொட்டியிலும் வரும். தண்ணீர் அதிகம் ஊற்றாதீர்கள், அவ்வளவுதான்.

காயும் பழமும்

விதை நாற்று மூன்றாம் வருடம் காய்க்கத் தொடங்கும். பச்சைக்காயில் புளிப்பும் பாலின் பிசினும் இருக்கும். ஊறுகாய்க்குப் பாதி சிவந்த காய் நல்லது. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு இரண்டாக வெட்டி விதையை எடுத்து, உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டால் பிசின் போகும். துணியில் உலர்த்தி, ஒரு கிலோ காய்க்கு 150 கிராம் கல்லுப்புத்தூள், 100 கிராம் மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு கரண்டி, காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய் கால் லிட்டர். நான்கு நாள் ஊறினால் பழைய சோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பழுத்தது அப்படியே தின்னலாம். காயில் பெக்டின் நிறைய இருப்பதால் பனங்கருப்பட்டியோடு காய்ச்சினால் தானாகவே ஜாம் பதத்துக்கு இறுகும். பேக்கரியில் பன்னிலும் கேக்கிலும் சிவப்பாக ஒன்று 'செர்ரி' என்று வைக்கிறார்களே, அது பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயமேற்றிய களாக்காய்தான். நம் வேலியில் விளைகிற காய்க்கு வெளிநாட்டுப் பெயரும் சாயமும் ஏற்றி நமக்கே விற்கிறார்கள். மகளிர் குழுக்கள் சாயம் இல்லாமல் அதையே செய்து நம் சந்தைகளில் களா என்ற பெயரிலேயே விற்கலாம்.

மொத்தத்தையும் பறித்துவிடாதீர்கள். உச்சிக்கிளைப் பழம் குருவிக்கு. அது எங்கேயாவது கரட்டில் விதை போடும். அங்கேயும் ஒரு களா முளைக்கட்டும்.

மாதக் கணக்கு

மறந்துவிடாமல் இருக்கச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெட்டித் தொழுவத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனி முதல் ஆவணி: கறுத்த பழம் எடுத்து, அந்த வாரமே விதைப்பு.
ஆவணி முதல் அடுத்த ஆடி: நாற்று பராமரிப்பு, எல்லை அளப்பு, பக்கத்துக் காட்டுக்காரரோடு பேச்சு.
ஆவணி, புரட்டாசி: வாய்க்கால், கரை, குழி.
புரட்டாசிக் கடைசி, ஐப்பசி: நடவு, முள் அடைப்பு, மூடாக்கு.
மாசி முதல் ஆனி: வாரம் ஒரு தண்ணீர், இரண்டு கோடைக்கு.
ஒவ்வொரு புரட்டாசியும்: கவாத்து, காய்ந்த இடத்தில் மறுநடவு.

இந்த வருடம் பழம் கிடைக்கிற தோழர்கள் விதையைக் காயவிட்டு டப்பாவில் வைக்காமல், அன்றைக்கே பக்கத்து ஊர் நண்பருக்கும் ஒரு பிடி கொடுத்துவிடுங்கள். கூட்டத்துக்கு வரும்போது மீதம் இருக்கிற நாற்றையும் கொண்டுவாருங்கள். என்னிடமும் நூறு நாற்றுக்கு மேல் இருக்கிறது. கேட்பவர்களுக்குக் கொடுக்கத்தான் வைத்திருக்கிறேன்.